சரக்குக் கொட்டகையிலிருந்து: பெயர் ஒன்று, உறுப்பு வேறு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், விரல் நீள இரும்பொன்று இல்லையேல் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயினும் அப்பழமொழியைச் சொன்னவர்க்கு ஓர் ஆறுதல் இருந்தது. அச்சாணி போனால் ஊர்க் கொல்லன் அன்று மாலைக்குள் மற்றொன்று அடித்துக் கொடுப்பான். இன்று பழைய லாரி ஒன்றை வைத்துப் பிழைக்கும் நம்மவர்க்கு அந்த ஆறுதல் இல்லை. அவர்கள் படும் பாட்டைக் குறித்தே இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

நெடுவழியில் இளமையைச் செலவிட்ட லாரி முதுமையில் வந்து சேரும் இடம் இரயில்வேச் சரக்குக் கொட்டகை. இதற்குக் காரணம் உண்டு. இரண்டு அச்சுடைய லாரிக்கு 12 ஆண்டும், அதற்கு மேற்பட்ட அச்சுகளை உடையதற்கு 15 ஆண்டும் கடந்துவிட்டால், நாடெங்கும் ஓடுவதற்குரிய நேஷனல் பெர்மிட் கொடுப்பதற்கு விதியில் இடமில்லை. பின்னர் மாநிலத்துக்குள் ஓடும் வேலையே மிஞ்சும். ரேக் வந்து நின்றால் சிமெண்டையும் அரிசியையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் இருக்கும் கிடங்குக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பும் வேலை அது. அந்தக் குறுநடைக் கூலி புது லாரியின் மாதத் தவணைக்குக் காணாது. ஆதலின் நாகபுரியில் நாம் எழுத்துப்பணி புரியும் கொட்டகையின் வாயிலில் நிற்பவை பெரும்பாலும் முதிய லாரிகளே.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்நகரின் வழியாகவே தெற்கே இறங்குகிறது. சேலத்தையும் நாமக்கல்லையும் அதுவே தொடுகிறது. நாமக்கல் லாரித் தொழிலுக்கும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற ஊர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அப்பக்கத்திலிருந்து ஓட்டுநராய்ப் புறப்பட்டுப் பல்லாண்டு இச்சாலையிலேயே ஓடி, இடைவழியாகிய இந்நகரிலேயே குடியமர்ந்து, சேர்த்த பொருளில் பழைய லாரி ஒன்றை வாங்கித் தம் கையாலேயே ஓட்டுபவர்கள் நம் சங்கக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லாரி வெறும் வண்டி அன்று. அதுதான் அவர்களுடைய நிலம். நிலம் தரிசாய்க் கிடந்தால் உழவன் வீட்டில் என்ன நேருமோ, அதுவே லாரி நின்றால் அவர்கள் வீட்டிலும் நேரும்.

சரக்குக் கொட்டகையின் கடிகாரம் எவருக்கும் இரங்குவதில்லை. நாற்பத்திரண்டு மூடிய பெட்டிகள் கொண்ட ரேக் ஒன்று வந்து நின்றால், குறித்த இலவச நேரத்துக்குள் சரக்கை இறக்கிப் பெட்டிகளைக் காலி செய்தாக வேண்டும். தவறினால் மணிக்கணக்கில் டெமரேஜ் ஏறும். இறக்கிய சரக்கு மேடையிலேயே தங்கிவிட்டால் வார்ஃபேஜ் ஏறும். ஆகவே சரக்குக்குரியவர், பழுதான லாரிக்காக ஒரு நாழிகையும் காத்திருக்க மாட்டார். நடை ஒன்றுக்கு 200 மூட்டை, அதாவது 10 டன் சிமெண்ட் சுமந்த லாரி நின்றதும், அதன் முறை அடுத்த லாரிக்குப் போய்விடுகிறது.

பழைய லாரிக்கு உதிரி உறுப்புக் கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நாம் கண்ட அளவில் இது பாதி உண்மையே. கடைத்தெருவில் உறுப்புகள் கூரையைத் தொடும்படி அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுள் எது தம் வண்டிக்குரியது என்று அறிவதிலேதான் நம்மவர் இடர்ப்படுகிறார்கள். கிடைக்காத உறுப்பு ஒரு நாளைக் கெடுக்கும். பொருந்துவது போலத் தோன்றிப் பொருந்தாமற் போகும் உறுப்பு ஒரு வாரத்தைக் கெடுக்கும். அதுவே பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ அமைந்துவிட்டால் உயிரையே கெடுக்கும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் அன்பர் ஒருவருடைய லாரி சரக்கோடு கொட்டகை வாயிலிலேயே நின்றது. வண்டி 2004-இல் பதிவானது. கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகிவிட்டிருந்தது. மெக்கானிக் கியர் பெட்டியை இறக்கிப் பழைய பிளேட்டை எடுத்துக் கொடுத்தார். அன்பர் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். முதற் கடையில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எந்த மாடல்? அவர் சொன்னார். அப்பெயரே அச்சிட்ட அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்கள். பழையதன்மேல் புதியதை வைத்துப் பார்த்தபோது வெளிவட்டம் சரியாயிருந்தது. நடுத்துளையின் பல்வரிகளை எண்ணிப் பார்த்தார்கள், அதுவும் சரியே. பணம் கைமாறிற்று.

பொருத்துவதற்கு ஒரு பகல் ஆயிற்று. வண்டியைக் கிளப்பியதும் இரும்போடு இரும்பு உராயும் ஓசை கேட்டது. மறுநாள் கியர் பெட்டியை மீண்டும் இறக்கினார்கள். புதிய பிளேட்டின் நடுக்குமிழ் பழையதைவிட ஒரு நூல் அளவு உயர்ந்திருந்தது. அது பிளைவீலின் போல்ட் தலைகளில் உரசியிருந்தது. தச்சர்களும் கொத்தர்களும் சொல்லும் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். அந்த ஒரு நூலுக்கு இரு நாட் கூலியும் ஒரு பிளேட்டின் விலையும் போயின. எண்ணெய்க் கறை பட்ட பண்டத்தைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. இரண்டாங் கடையில் வெளிவட்டமே வேறாயிருந்தது. மூன்றாங் கடையில் அந்த மாடலுக்குச் சரக்கு வருவதே நின்றுவிட்டது என்றார்கள். நான்காம் நாளும் வண்டி நின்றது. அதற்குள் இரண்டு ரேக் வந்து போயின.

இந்த நான்கு நாளும் தேடிய விடை அவர் வீட்டிலேயே இருந்தது. அவருடைய மனைவியார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். லாரி வாங்கிய நாள் தொட்டு வரவையும் செலவையும் நீண்ட கணக்குப் புத்தகங்களில் எழுதி, ரசீதுகளை அந்தந்தப் பக்கத்திலேயே ஊசியால் தைத்து வைப்பது அவர் வழக்கம். டீசல் கணக்கும் பால் கணக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அதிலே அருகருகே கிடக்கும். நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அந்த அம்மையார், "இந்த லாரி நமக்குச் சோறு போடுதுங்களா, இல்லெ நாமதான் லாரிக்குச் சோறு போடறமுங்களா, தம்பி? கணக்குலயே பாத்துடலாம்" என்று சொல்லிப் பழைய புத்தகங்களை இறக்கினார். 2016-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில், முன்பு மாற்றிய கிளட்ச் பிளேட்டின் ரசீது தைக்கப்பட்டிருந்தது. அதில் மாடல் பெயரோடு உறுப்பின் எண்ணும் முழுதாக அச்சாகியிருந்தது.

மறுநாள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, வண்டியை ஆக்கிய நிறுவனத்தின் முகவரிடம் சென்றார்கள். பழைய எண் நீக்கப்பட்டு அதனிடத்தில் வேறோர் எண் வந்திருப்பதாக முகவரின் கணிப்பொறி காட்டிற்று. அப்புதிய எண்ணுக்குரிய பிளேட் வேற்றூர்க் கிடங்கிலிருந்து இரண்டு நாளில் வந்தது, பொருந்திற்று. பெயரைக் கொண்டு தேடியபோது கிடைக்காத ஒன்று எண்ணைக் கொண்டு தேடியதும் கிடைத்தது. இத்திங்கள் நாம் சொல்ல விரும்புவதெல்லாம் இதற்குள் அடங்கும்.

ஒரே பெயருடைய லாரிக்கு வெவ்வேறு உறுப்புகள் வந்தது எவ்வாறு என்று அன்பர்கள் வினவலாம். அதற்கு இந்நாட்டு லாரித் தொழிலின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்சும் போர்டும் ஒரு காலத்தில் அயல்நாட்டிலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து இங்கே பூட்டி விற்றன. இந்நாட்டிலேயே வண்டியை ஆக்கும் திட்டம் உடையவர்களே தொழில் நடத்தலாம் என்று 1953-இல் அரசு முடிவு செய்தது. அதன்பின் அவ்விரண்டும் கடையைக் கட்டின; வாங்கியவர்களிடம் வண்டிகள் நின்றன. 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்சோடு கூடி லாரி ஆக்கத் தொடங்கிற்று. அக்கூட்டு 1969-இல் முடிவுற்றது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு கூடி 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. பெட்போர்டு, டாட்ஜ், பார்கோ என்னும் பெயர்களில் ஓடிய லாரிகளும் உண்டு. அவற்றை இன்று இந்நாட்டில் எவரும் ஆக்குவதில்லை.

ஜெர்மனியிலிருந்து வந்தது மில்லிமீட்டர். இங்கிலாந்திலிருந்து வந்தது அங்குலம். மெட்ரிக் அளவைச் சட்டம் இங்கே 1956-இல் நிறைவேறியது. ஆயினும் ஏற்கெனவே வரைந்த வரைபடங்களும் ஏற்கெனவே ஓடிய வண்டிகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் ஒரே பட்டறையில் ஒரே தகரப் பெட்டியில் கலந்து கிடந்தன.

அங்குலத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. பழைய ஆங்கில முறையாகிய விட்வொர்த்தில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை. பின்னர் வந்த பொதுமுறையின் பருமரையில் அதே அரை அங்குலத்துக்கு 13 மரை. முன்னதன் மரைக்கோணம் 55 பாகை. பின்னதன் கோணம் 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் உடன்பிறப்புப் போலத் தோன்றும். நட்டு முதலிரண்டு சுற்றுக்கு எளிதாக ஏறும்; பிறகு இறுகும். அவசரக்காரர் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று மகிழ்ந்து நீண்ட பானாவைப் போட்டு முறுக்குவார். அப்போது மரை நசுங்குகிறது. ஓடும் வழியில் அது கழன்றால் சாலை மோசம் என்பார்கள்.

அளவு முறைக்கு அடுத்தபடியாக எஞ்சின் மாறிற்று. ஒரே நிறுவனத்தின் லாரிகளிலேயே காலத்துக்குக் காலம் வெவ்வேறு எஞ்சின்கள் ஏறின. லேலண்ட் எஞ்சின் இருந்த இடத்துக்கு ஜப்பானிய ஹினோவின் எஞ்சினும் வந்தது. டாட்டா 1993-இல் கம்மின்சோடு கூட்டு நிறுவனம் தொடங்கியதால் அவ்வகை எஞ்சினும் அதன் லாரிகளில் அமர்ந்தது. அதற்குப் பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. பாரத் ஸ்டேஜ் மூன்று 2010-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நான்கு 2017 ஏப்ரலில் வந்தது. ஐந்தைத் தாண்டி ஆறு 2020 ஏப்ரலில் வந்தது. இப்படிகளில் ஏறும்போது டீசல் பம்பும், பீச்சு முனைகளும், கம்பி இணைப்புகளும் மாறின. முன்பு இயந்திரத்தால் இயங்கிய பம்பின் இடத்தில் பெரும்பாலும் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. கதவில் ஒட்டியிருக்கும் பெயரோ மாறாதிருந்தது. ஆகவே ஒரே பெயருடைய இரண்டு லாரிகளை அடுத்தடுத்து நிறுத்தினால், வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்ளுறுப்பு வேறாயிருக்கும்.

இவையெல்லாம் போதாவென்று, ஒவ்வொரு பழைய லாரிக்கும் தன் வரலாறும் உண்டு. முன்பு வைத்திருந்தவர் எஞ்சினை மாற்றியிருப்பார். வேறு வண்டியின் கியர் பெட்டியைப் பூட்டியிருப்பார். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும்போது கிராங்குத் தண்டைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகச் சாணை பிடிப்பார்கள். தண்டு மெலிந்த அளவுக்குத் தடித்த பேரிங் வாங்க வேண்டும். எத்தனை முறை சாணை பிடித்தது என்பது தெரியாதவர், நிறுவனத்தின் அசல் உறுப்பையே வாங்கினாலும் அது அவருக்குப் பயன்படாது.

இனிச் சந்தையைப் பார்ப்போம். தில்லியில் காஷ்மீரி கேட்டும் மாயாபுரியும், கல்கத்தாவில் மல்லிக் பஜாரும், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இத்தொழிலில் பெயர்பெற்ற இடங்கள். அங்கே கிடைப்பவை ஒரே வகையினவல்ல. வண்டி ஆக்கிய நிறுவனம் தன் பெட்டியில் விற்பது ஒன்று. அந்நிறுவனத்துக்கு உறுப்பு செய்து கொடுப்பவரே தம் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. இது பெரும்பாலும் தரத்தில் குறையாது, விலையில் குறையும். பிறர் தாமாகச் செய்து தம் பெயரிலேயே விற்பது மூன்றாவது. இதில் நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு. உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது நான்காவது. பிறர் பெட்டியையும் முத்திரையையும் போலி செய்து விற்பது ஐந்தாவது. முதல் நான்கும் வாணிகம்; ஐந்தாவது திருட்டு.

இந்நாளில் சென்னைக்கோ தில்லிக்கோ நேரில் போவார் குறைவு. உடைந்த உறுப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து படம் வருகிறது, பணம் போகிறது, பின்னர்ப் பார்சல் வருகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் படம் உருவத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. இரு சாண் தட்டும் ஒன்றேகால் சாண் தட்டும் கைப்பேசியில் ஒரே பருமனாகத்தான் தெரியும். ஆகவே படம் எடுப்பவர் உறுப்பின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுப்பாராக. உறுப்பின்மேல் பொறித்த எண் இருந்தால் அழுக்கைத் துடைத்து அதையும் தனியே எடுப்பாராக.

எண்ணின் வலிமைக்கு நல்ல எடுத்துக்காட்டு பந்து பேரிங். 6308 என்று பொறித்த பேரிங்கை எந்த நாட்டார் செய்தாலும் உள்விட்டம் 40 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 90, அகலம் 23. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். அதையே 6208 என்று கேட்டால் உள்விட்டம் அதே 40 தான். வெளிவிட்டம் 80 ஆகவும் அகலம் 18 ஆகவும் சுருங்கிவிடும். ஓர் இலக்கத்தின் மாற்றம் அது. எண்ணெய்ச் சீலிலும் உள், வெளி, அகலம் என மூன்று அளவுகள் பெரும்பாலும் பொறித்திருக்கும். இத்தகைய உறுப்புகளுக்கு லாரியின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதை அறியாமல் மாடல் பெயர் சொல்லி, அம்மாடலுக்கே உரிய அரிய பண்டம் என்று நம்பி, மிகுந்த விலை கொடுத்தவர்கள் உண்டு.

இரயில்வேயில் எழுத்துப்பணி புரியும் நமக்கு எண்ணின் அருமை சிறிது தெரியும். ஒவ்வொரு சரக்குப் பெட்டியின்மேலும் பதினோர் இலக்க எண் எழுதியிருக்கும். முதலிரண்டு பெட்டியின் வகை. அடுத்த இரண்டு உரிமையுடைய இரயில்வே. அதற்கடுத்த இரண்டு ஆக்கிய ஆண்டு. பின்னுள்ள நான்கு அப்பெட்டியின் தனி எண். கடைசி இலக்கம் முன்னவை சரிதானா என்று சோதிப்பதற்கு. எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். பெட்டி நாட்டின் எந்த மூலையில் பழுதாகி நின்றாலும், அது எத்தகையது என்று அவ்வெண்ணே சொல்லும்.

அதனினும் பெரியது வரைபடம். நீலகிரி மலைப்பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவை தேய்ந்து தளர்ந்தபோது, திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் அவ்வினத்து எஞ்சின்களைப் புதிதாகவே ஆக்கினார்கள். 2010-களில் அவை மலையேறின. அகன்ற பாதையில் நீராவியின் காலம் 1995-இலேயே முடிந்துவிட்ட நாட்டில் இது நடந்தது. அளவுகளைப் போற்றி வைத்திருப்பவர்க்கு ஓர் எஞ்சின் முழுவதுமே மறுபிறவி எடுக்கும்.

தனி ஒரு லாரிக்காரரிடம் வரைபடம் இல்லை. அவர் தேய்ந்த உறுப்பை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், இதைப் போலவே ஒன்று கடைந்து கொடுங்கள் என்கிறார். பட்டறைக்காரர் கைத்திறன் மிக்கவர்தாம். ஆனால் அவர் அளப்பது தேய்ந்த உறுப்பை. தேய்ந்ததை அளந்து செய்தால் தேய்ந்ததே மீண்டும் பிறக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பதை, அது அமரும் இடத்தையும் அதனோடு உராயும் துணையுறுப்பையும் அளந்தே கணிக்க வேண்டும். அவ்வாறு செய்யும் பட்டறையைக் கண்டால் கூலி சற்று மிகுதியானாலும் விடாதீர்கள். இரும்பின் இனமும் அதற்கேற்றிய சூடும் அளவைப் போலவே இன்றியமையாதவை. அவற்றை வெர்னியர் காட்டாது.

மாற்று உறுப்பே ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. விளக்கு, கண்ணாடி, கதவுக் கைப்பிடி, மண்காப்பு ஆகியவற்றில் எதை வைத்தும் ஒப்பேற்றலாம். மின்னுறுப்பில் மட்டும் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்துக்கொண்டால் போதும். கிளட்சிலும் கியரிலும் பிழை நேர்ந்தால் பணமும் நாளும் போகும், வருந்தலாம், மீளலாம். ஆனால் பிரேக்கு, ஸ்டியரிங்கு, சக்கரம் என்னும் மூன்றிலும் 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்ற சொல்லுக்கே இடம் தரலாகாது.

ஸ்டியரிங் கம்பியின் முனையிலுள்ள பந்துமூட்டின் தண்டு கூம்பு வடிவினது. அது அமரும் துளையும் அதே சாய்வுடைய கூம்பாயிருத்தல் வேண்டும். சாய்வு சிறிது மாறினாலும் தண்டு உள்ளே போகும், நட்டும் இறுகும், பார்ப்பவர்க்குப் பொருந்தியதாகவே தோன்றும். உண்மையில் ஒரு விளிம்பு மட்டுமே பிடித்திருக்கும். சுமையேற்றிக் குழிகளில் ஓட ஓட அது தளரும். அவ்வாறே, சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்தின் போல்ட்டுகள் இடஞ்சுழி மரையுடையவை. சக்கரம் சுழலும் திசையால் நட்டு தானே கழலாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அதை அறியாத பையன் வலஞ்சுழி என்று எண்ணி வலிந்து திருப்பி மரையைக் கெடுத்துவிடுவான். பத்து டன் சுமையுள்ள வண்டியின் சக்கரம் கழன்றால் அது தெருவில் யாரை நோக்கி உருளும் என்று எவரால் சொல்ல முடியும்? பள்ளி விடும் நேரத்தில் நம் குழந்தைகளும் அத்தெருவில்தான் நடக்கிறார்கள்.

எனவே நம்மவர் செய்யத்தக்கவை சில உண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும், வண்டியில் உள்ளபடியே பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கியர் பெட்டி, அச்சு, டீசல் பம்பு ஆகியவற்றின்மேல் தகடு இருந்தால் அதிலுள்ளதையும் எழுதுங்கள். மாற்றும் ஒவ்வோர் உறுப்பின் எண்ணையும் நாளையும் குறியுங்கள். பெட்டியின் மேற்சீட்டைக் கிழித்து அப்பக்கத்திலேயே ஒட்டுங்கள். எஞ்சின் வேலை நடந்தால் தண்டும் சிலிண்டரும் எந்த அளவுக்குக் கொண்டுவரப்பட்டன என்பதை மெக்கானிக் கையாலேயே எழுதி வாங்குங்கள். புதியது பொருந்தி ஒரு திங்கள் ஓடும் வரை பழையதை எடைக்குப் போடாதீர்கள். கிளட்ச் பிளேட் வாங்கும்போது வட்டம், பல்வரி, குமிழ் உயரம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பொருத்துவதற்கு முன்பே, பொருந்தாவிடில் திரும்பப் பெறுவீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு நோட்டும் ஒரு வெர்னியரும் வாங்கும் செலவு, ஒரு நாள் நின்ற லாரியின் நட்டத்துக்கு முன் பெரிதன்று.

காலமும் பழைய வண்டிக்குச் சாதகமாக இல்லை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். பழைய வண்டிகளைக் கழித்து உடைப்பதற்கான கொள்கை 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வண்டிகள் மிகுதியாக உடைபடும் காலத்தில் கழற்றிய உறுப்புகள் மலியலாம். ஆனால் உடைப்பதற்கு வண்டி இல்லாதபோது அந்த ஊற்றும் வற்றும். புதிய உறுப்பு செய்பவரும், ஓடும் வண்டி குறையக் குறைய அச்சை மூடிவைத்துவிடுவார். ஆதலின் பழைய லாரி வைத்திருப்பவர், எவ்வளவு காலம் ஓட்டுவது என்பதற்குத் தமக்குள் ஓர் எல்லை கட்டிக்கொள்வது நல்லது.

அந்த எல்லையை எங்கே கட்டுவது? மேலே சொன்ன அம்மையார் தம் கணக்குப் புத்தகத்தில் அதற்கும் வழி செய்திருக்கிறார். பிரேக்கு, ஸ்டியரிங்கு, சக்கரம் என்னும் மூன்றுக்கும் ஆகும் செலவை இப்போது சிவப்பு மையால் எழுதுகிறார். "இந்த மூணுல ஒண்ணுக்கு உரிய சாமான் கிடைக்காமெ, வேறெ எதையாச்சும் வெச்சு ஓட்டலாமுன்னு இவிக என்னைக்குச் சொல்றாங்களோ, அன்னைக்கே வண்டியெ வித்துப்போடறதுன்னு பேசி முடிச்சுட்டமுங்க தம்பி" என்றார். அன்பர் பக்கத்தில் அமர்ந்து தலையசைத்தார். அந்த லாரியால்தான் மூத்த மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இளையவளுக்கு இன்னும் நான்கு ஆண்டுப் பள்ளிப் படிப்பு இருக்கிறது. விற்றால் என்ன வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே கட்டிய எல்லை அது.

நம் சங்கத்தில் லாரியும் டெம்போவும் வைத்திருக்கும் குடும்பங்கள் தத்தம் வண்டியின் எண்களையும் மாற்றிய உறுப்புகளின் எண்களையும் ஒரு தாளில் எழுதிப் படிப்பகத்தில் சேர்ப்பித்தால், அவற்றை ஒரே நோட்டில் படியெடுத்து மேசைமேல் வைக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை நாம் படிப்பகத்தில் இருப்போம். தாளைக் கொண்டுவரும்போது ரசீதுகளையும் கொண்டுவருக. எண்ணை நினைவிலிருந்து சொல்ல வேண்டா.